கல்யாணராமனுக்குப் பதினோரு முட்டு

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மூன்று வருஷத்தில் கல்யாணராமனிடம் யாரும் எதையும் கேட்டதில்லை, காஸ் சிலிண்டர் வந்ததா என்பதைத் தவிர. இப்போது அஸ்வதி கேட்டுவிட்டாள். வெளியூர்க்காரர்களுக்கு நகரத்தைச் சுற்றிக் காட்டும் குழு ஒன்றை அவள் நடத்துகிறாள்.

“இந்தச் சனிக்கிழமை கிழக்கே கோட்டையை நீங்க காட்டுங்க சாரே. நல்லா போச்சுன்னா எல்லா மாசமும் உங்களுக்குத்தான்.”

ஒரு மாதம் கண்ணாடி முன்னால் பேசிப் பழகினார். எட்டுப் பக்கம் குறிப்பு எழுதினார். மனைவி பாகீரதியை வரவேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தார். தண்ணீர் பாட்டில் தூக்க ஆள் வேண்டாமா என்று கேட்டுக்கொண்டு அவள் கூடவே கிளம்பிவிட்டாள்.

விழிஞ்ஞம் துறைமுகத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். எல்லாம் இளவட்டம். அஸ்வதி ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாள்: “பதினொண்ணுக்கு மேத்தன் மணி முன்னால நிக்கணும், கேட்டோ? பதினொண்ணேகாலுக்கு பஸ்.”

மேத்தன் மணி என்பது பத்மதீர்த்தக் குளத்துக்கு எதிரே மாளிகை உச்சியில் இருக்கும் கடிகாரம். மணி அடிக்கும்போதெல்லாம் மேலே இருக்கிற தாடிக்காரன் வாயைத் திறப்பான். இரண்டு பக்கமும் இருக்கும் ஆட்டுக்கடாக்கள் அவன் கன்னத்தில் முட்டும். பதினோரு மணிக்குப் பதினோரு முட்டு. கூட்டம் வருவதே அதைப் பார்க்கத்தான். மற்றதெல்லாம் கல்யாணராமனின் கைச்சரக்கு.

ஆனால் நல்ல காரியத்தைப் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் ஆரம்பிக்கலாமா? “அஞ்சே நிமிஷம்” என்றார். வரிசையில் பதினைந்து நிமிஷம் போயிற்று. எறிந்த தேங்காய் உடையாமல் உருண்டு ஓடியது. உடையாத தேங்காயோடு நகர அவருக்கு மனசு வரவில்லை. இன்னொன்று வாங்கினார். அதுவும் ஓடியது. மூன்றாவதுதான் சிதறியது. தடங்கல் வரக்கூடாதென்று உடைக்கப் போன தேங்காயே பெரிய தடங்கலாகிவிட்டது.

கோட்டை வாசலைத் தாண்டி எல்லோரும் ஓட்டமும் நடையுமாகக் குளக்கரைக்கு வந்தபோது பதினொன்று அடித்து இரண்டு நிமிஷம். கடாக்கள் சமர்த்தாக அததன் இடத்தில் நின்றன.

“அப்போ இனி பன்னெண்டுக்குத்தானா?” என்று ஷெமி என்ற பெண் கேட்டாள். பன்னிரண்டு முகங்களும் தொங்கிவிட்டன. அஸ்வதி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், பஸ் வரும் வழியைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. எல்லாம் போச்சு, இனி சிலிண்டர்தான் என்று கல்யாணராமன் நினைத்துக்கொண்டார்.

“ஏன்னா, இப்படி நடுவுல வந்து நில்லுங்கோ” என்றாள் பாகீரதி. “வாயைத் திறங்கோ.”

“எதுக்குடி?”

“நீங்கதான் மேத்தன்.” ஷெமியையும் பக்கத்தில் நின்ற செல்வகணேஷையும் கூப்பிட்டு ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள். “நீங்க ரெண்டு பேரும் கடா. நான் டங்னு சொன்னா கன்னத்துல முட்டுங்கோ. மெதுவா! பல் செட்டு வெச்சிருக்கார்.”

முதல் மூன்று முட்டுக்கு அவர் மானத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். நாலாவதற்குத் தானாகவே கண்ணை உருட்டினார். ஏழாவதற்கு லாட்டரி விற்கிறவரும் கோயிலுக்கு வந்தவர்களும் சேர்ந்து எண்ண ஆரம்பித்தார்கள். பதினோராவது முட்டுக்கு வாயைத் திறந்தவர் மூடவே மறந்துபோனார். குளக்கரையே சிரித்தது.

“சார், உண்மையில யாரு சார் இந்த மேத்தன்?” என்று செல்வகணேஷ் கேட்டான்.

எட்டுப் பக்கமும் சட்டைப் பையிலேயே கிடந்தன. கல்யாணராமன் பேசினார். பஸ் வந்து ஹாரன் அடிக்கும்வரை ஒருவரும் போனைத் தொடவில்லை.

அஸ்வதி பஸ் படியில் நின்றபடி கத்தினாள்: “சாரே, அடுத்த மாசமும் நீங்கதான். ஆனா மாமி இல்லாம வர வேண்டா!”

அவருக்குச் சுருக்கென்றது. அடுத்த நொடியே சந்தோஷம் தாங்கவில்லை.

பஸ் போனபின் புருஷனும் பெண்டாட்டியும் குளக்கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். பன்னிரண்டு அடித்தது. தாடிக்காரன் பன்னிரண்டு முட்டும் வாங்கி முடிக்கிறவரை பாகீரதி பார்த்தாள்.

“உங்களை மாதிரி வராது” என்றாள்.

கல்யாணராமன் அவள் கையிலிருந்த பாட்டில்களை வாங்கிக்கொண்டார். “அடுத்த மாசம் நீயும் பேசு. இதை நான் தூக்கிக்கறேன்.”

“சரி. தேங்காயையும் நானே உடைக்கறேன்.”