இதயம் நின்ற பாடவேளை

என் வகுப்பில் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் நடத்துவது எனக்கு ஆகாது. அன்று மேசைகளை ஓரம் தள்ளி, தரையில் சாக்பீஸால் பெரிய இதயம் வரைந்திருந்தேன். நான்கு அறைகள். பிள்ளைகள்தான் ரத்தம். ஜன்னலோரம்தான் நுரையீரல். நீல ரிப்பனோடு அங்கே போய், அதைக் கொடுத்துவிட்டுச் சிவப்பு ரிப்பனோடு திரும்ப வேண்டும். அறைக்கும் அறைக்கும் நடுவே கைகோத்து நிற்கும் இருவர் கதவு, அதாவது வால்வு. ரத்தம் உள்ளே போனதும் கதவு மூட வேண்டும். போன ரத்தம் திரும்பக் கூடாது.

"இதயம் லீவே போடாத வேலைக்காரன். கொஞ்ச நேரம் நின்னாலும் கதை முடிஞ்சது!" என்று கண்ணைச் செருகி, நாக்கைத் தொங்கவிட்டுக் காட்டினேன். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு வாய் சும்மா இருக்காது.

சிட்டு சிரிக்கவில்லை. அவள் வகுப்பிலேயே பெரிய வாயாடி. கதவாக நிற்க வேண்டியவள், கை கோக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பயில்வான் என்று நாங்கள் கூப்பிடும் தடியன், போன வழியிலேயே அவளை இடித்துக்கொண்டு திரும்பி ஓடி வந்தான். எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது.

"பகல் கனவா? கதவ மூடுடி!"

"என் தம்பிப் பாப்பாவுக்கும் கதவு சரியா மூடாதாம் டீச்சர்," என்றாள். "இன்னிக்கு ஆபரேஷன். இதயத்த நிறுத்தி வெச்சிட்டுத்தான் தைப்பாங்கன்னு அப்பா போன்ல சொன்னாரு. அப்ப அவன் கதை முடிஞ்சிடுமா?"

அவள் பின்னல் கோணலாக இருப்பதைக் காலையில் நான்தான் கேலி செய்தேன். பின்னிவிடும் அம்மா ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கிறாள் என்று யாருக்குத் தெரியும்? பயந்துபோனேன். 'ஒண்ணும் ஆகாது' என்று சொல்லிவிடலாம். கைக்குழந்தையின் இதயத்துக்கு உத்தரவாதம் கொடுக்க நான் யார்?

"நான் பாதிதான் சொன்னேன். மீதிய ஆடிக் காட்டறேன், வா."

பயில்வானை இதயத்துக்கு வெளியே, ஒரு பெஞ்சருகே நிறுத்தினேன்.

"நீதான் மெஷின். தம்பி இதயம் ஓய்வெடுக்குது. நுரையீரலும் ஓய்வெடுக்குது. ரத்தம் நேரா உன்கிட்ட வரும். நீலத்த வாங்கிட்டுச் சிவப்பக் குடுத்து அனுப்பிட்டே இருக்கணும். தூங்கிட மாட்டியே?"

"மாட்டேன் டீச்சர்."

பிள்ளைகள் வெளிவழியாகச் சுற்றத் தொடங்கினார்கள். காலியான இதயத்துக்குள் சிட்டு மண்டியிட்டாள். கதவுக்கு நான் போட்டிருந்த கோட்டைக் கையால் அழித்துவிட்டு, சாக்பீஸை அழுத்திப் புதிதாக வரைந்தாள். பிடிக்கவில்லை; மறுபடி அழித்தாள்.

"தெச்சு முடிச்சதும் திரும்ப ஓடுமா டீச்சர்?"

"ஓட வெப்பாங்கம்மா."

"கண்டிப்பா?"

"பெரும்பாலும் ஓடிடும்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் 'கண்டிப்பா' என்று சொல்லவில்லை என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. மறுபடி குனிந்து வரையத் தொடங்கினாள்.

இடைவேளை மணி அடித்தது. மணிச் சத்தம் ஓயும் முன்பே வாசலில் முட்டி மோதும் கூட்டம் இது. பயில்வான் நீட்டிய கையை மடக்கவே இல்லை.

"யாரும் நிக்காதீங்கடா," என்றான். "இவ இன்னும் தெச்சு முடிக்கல."

ஒருவரும் நிற்கவில்லை. நானும் ஒரு நீல ரிப்பனை எடுத்துக்கொண்டு வரிசையில் சேர்ந்தேன். சிட்டு வரைந்துகொண்டே இருந்தாள்.