கழுத்தில் பம்புடன் ஒரு அம்பாக்காரன்

சிறிலின் நெஞ்சு விசிலடித்தால் கிண்ணியாப் பாலத்தில் பஸ்கள் ஓரங்கட்டி வழிவிடும். சந்தேகமுள்ளவர்கள் அந்த பஸ்களைக் கேட்கலாம்.

துறைமுகக் கரையில் கரைவலை இழுக்கும்போது அம்பாப் பாட்டெடுப்பவன் அவன்தான். அவன் குரல் விழுந்தால்தான் கயிற்றில் நிற்பவர்கள் மூச்சைப் பிடித்து இழுப்பார்கள். இல்லாவிட்டால் கயிறு அசையாது.

மாரி தொடங்கியதும் விடியப்புற இருமலும் மூச்சுமுட்டும் கூடின. பாட்டு பாதியில் அறுந்தது. வலைக்குச் சொந்தக்காரரான அபூதாஹிர், "சளிதான், மல்லித்தண்ணி குடி" என்றார். குடித்துக் குடித்துச் சிறிலின் வியர்வையே மல்லி மணத்தது. முட்டு போகவில்லை.

கிளினிக்கில் டாக்டர் தயாளினி முதுகில் குழாய் வைத்துக் கேட்டார். இரவில் இருமலா, தூசியில் கூடுதா, வீட்டில் ஆருக்கும் உண்டா என்று துருவினார். மூச்சை அளக்கும் குழாயில் ஊதவைத்தார். முள் ஏற வெட்கப்பட்டது. வாயில் வைத்து மருந்தை உறிஞ்சும் பம்பை இழுக்கவைத்து, கொஞ்சம் பொறுத்து மறுபடி ஊதச் சொன்னார். முள் துள்ளி ஏறியது.

"மருந்துக்கு நெஞ்சு திறக்குது. இது ஆஸ்துமா. ஒரு பம்பு நாளாந்தம், மற்றது முட்டு வரேக்க. ஒழுங்கா எடுத்தாப் பாடலாம்."

கரையில் அபூதாஹிர் பம்பைக் கண்டார். "பம்பு பிடிச்சவன் மையத்துக் கட்டிலுக்குக் கிட்ட. இனி றிப்தி பாடட்டும்."

"சாகேக்க சொல்லி அனுப்புறன் காக்கா. இண்டைக்குப் பாட வந்தனான்." சிறில் பம்பை வலைநூலில் கோர்த்துக் கழுத்துச் சிலுவைக்குப் பக்கத்தில் தொங்கவிட்டான்.

கயிற்றில் நின்ற றிப்தி பாடினான். கயிறு அசையவில்லை.

"இழுங்கடா" என்றார் அபூதாஹிர்.

"கை கேக்குதில்ல முதலாளி. அதுக்குச் சிறில் அண்ணன்ர குரல்தான் பழக்கம்" என்றான் கயிற்றில் நின்ற ஒருவன்.

சிறில் எல்லாரும் பார்க்கப் பம்பை உறிஞ்சி மூச்சை அடக்கினான். பழக்கதோஷத்தில் கயிற்றில் நின்ற அத்தனை பேரும் மூச்சை அடக்கினார்கள். காகங்களும் அடக்கின. ஒரு அலை கரைக்கு வராமல் பாதியில் நின்றது. பிறகு அவன் மூச்சை விட்டான், கரையே விட்டது. நெஞ்சு இளகும்வரை காத்து நின்றான். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

பிறகு குரலெடுத்தான். பாட்டு எங்கும் அறவில்லை. வலையில் வந்த மீனின் கனத்துக்குக் கட்டைபறிச்சான் பக்கம் கடல் ஒரு சாண் இறங்கியது.

அபூதாஹிர் நீளமாக இருமினார். "அதை ஒருக்காத் தா பாப்பம்."

"ஏலாது காக்கா. இது என்ர நெஞ்சுக்குத் தந்தது. நீங்களும் கிளினிக்குக்குப் போய் ஊதுங்கோ. உங்கட நெஞ்சுக்கு என்னெண்டு டாக்டர் சொல்லட்டும்."

அடுத்த வலைக்குப் பாட்டெடுக்கட்டுமா என்று சிறில் கேட்கவில்லை. எடுத்தான்.