இருபத்து மூன்று கிலோ பெட்டி

1

இந்தக் கதை ஒரு தவறிலிருந்து பிறந்தது. பிலிப்பைன்ஸில், எங்கள் துமகெத்தே ஊர்ப் பள்ளியில் கணக்கு ஆசிரியை மெர்லிண்டா, பலகையில் ஒட்டிய பெரிய மணிலா தாளில் வரைந்திருந்த எண்கோட்டில் அம்பை எதிர்ப்பக்கம் நீட்டிவிட்டாள். பதினோரு வருடமாக அசமன்பாடு நடத்துகிறவள். வகுப்பை மதிப்பிடக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் ரொஹெலியோ, பக்கத்து வகுப்பின் கணக்கு ஆசிரியர். அவருக்கு அரிசோனாவில் வேலை கிடைத்திருந்தது. அன்று மாலை நான்கு மணிக்குள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அவர் போகக் கூடாது என்று மெர்லிண்டா ஆசைப்பட்டாள். அதை அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

(‘கடல் அமைதியாக இருந்தது’ என்றுதான் முதலில் ஆரம்பித்தேன். அடித்துவிட்டேன். அன்றைக்குக் கடலை யார் பார்த்தார்கள்.)

2

“சாரோட பெட்டி இருபத்து மூணு கிலோ தாண்டக் கூடாது. அதுல துணிமணிக்கு அஞ்சு கிலோவாவது விடணும். கருவாட்டுப் பொட்டலம் ஒவ்வொண்ணும் ரெண்டு கிலோ. எத்தனை பொட்டலம் வைக்கலாம்?”

பலகையில் 23 − 2x ≥ 5 என்று எழுதினாள். அடுத்த வரி −2x ≥ −18. இரண்டு பக்கத்தையும் −2ஆல் வகுத்தாள். குறை எண்ணால் வகுத்தால் குறியைத் திருப்பிப் போட வேண்டும். அவள் x ≥ 9 என்று எழுதி, தாளில் ஒன்பதின் மேல் புள்ளியை நிரப்பி, வலப்பக்கமாக அம்பை இழுத்தாள்.

ஜெஸ்ஸாமே எழுந்தாள். “மேம், அப்ப சார் நூறு பொட்டலம்கூட கொண்டுபோலாமா?”

“பிளேன் மேலயே எந்திரிக்காதுடி!”

“எந்திரிச்சாலும் நாத்தம் தாங்காம பைலட் குதிச்சிருவாரு!”

வகுப்பே சிரித்தது. ரொஹெலியோவும் சிரித்தார்.

ஏன் தவறினாள்? ‘முந்தின இரவு அவள் தூங்கவில்லை’ என்று எழுதிப் பார்த்தேன். அது சாக்கு. குறியைத் திருப்பினால் ஒன்பது பொட்டலத்தோடு பெட்டி நிறைந்துவிடும், மூடிவிடலாம், அவர் கிளம்பிவிடுவார். வலப்பக்கம் போனால் வைத்துக்கொண்டே இருக்கலாம், மூட வேண்டியதில்லை. அவளுக்கு மூடாத பெட்டி வேண்டியிருந்தது.

(இந்தக் காரணம் கொஞ்சம் அழகாக இருக்கிறது. அதனாலேயே எனக்கு இதன்மேல் முழு நம்பிக்கை இல்லை.)

3

மூன்றே முக்கால். ஆசிரியர் அறையில் அவர்கள் இருவர் மட்டும். நடுவில் வாழையிலையில் சுற்றிய புட்புட் என்கிற அரிசிப் பலகாரம், ஆறிப்போன சாக்லேட் பானம், அந்த ஒப்பந்தம்.

“குறிப்புல எழுதிட்டீங்களா, சார்?”

“எழுதல. பிரின்சிபால் கேட்டா நான் தூங்கிட்டேன்னு சொல்லிக்கிறேன்.”

“நீங்க தூங்குறது அவங்களுக்குப் புதுசா என்ன.”

“பாத்தீங்களா, இப்படி வாரிவிட அங்க யாரு இருக்கா?”

“அங்க பனியெல்லாம் கொட்டுமாமே?”

“நான் போறது பாலைவனத்துக்கு, மேம்.”

“நான் கணக்கு டீச்சர். பாலைவனம் எங்க இருக்குன்னு எனக்கு எதுக்கு?”

அவர் சிரிக்கவில்லை. அவளையே பார்த்தார். “வேற ஏதாவது சொல்லணுமா, மேம்?”

மெர்லிண்டா நிமிர்ந்து அவர் கண்களைப் பார்த்து, “நீங்க போக

(இந்த வாக்கியத்தை ஏழு முறை எழுதிவிட்டேன். ஒவ்வொரு முறையும் இதே இடத்தில் நின்றுவிடுகிறது. மற்றவர்களின் கதைகளில் பெண்களை எவ்வளவு சுலபமாகப் பேச வைத்திருக்கிறேன்!)

“ஒண்ணுமில்ல, சார். சாப்பிடுங்க.”

அவர் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்தார். பேனாவை உதறினார். அது எழுதவில்லை. “உங்ககிட்ட பேனா இருக்கா?”

“சிவப்புதான் இருக்கு.”

நீலப் பேனா அவள் கைப்பையில் இருந்தது. அன்று அவளால் முடிந்தது அவ்வளவுதான்.

“பரவால்ல, ஆபீஸ்ல வாங்கிக்கிறேன்.”

4

அவர் எழுந்து அலுவலகத்துக்கு நடக்கிறார். இதற்கு இரண்டு முடிவுகள் எழுதி வைத்தேன். ஒன்றில் அவள் பின்னாலேயே ஓடுகிறாள். இன்னொன்றில் அவர் தானாகவே நின்று திரும்பிப் பார்க்கிறார். இரண்டும் பொய். கிழித்துவிட்டேன்.

ஆசிரியர் அறையிலிருந்து அலுவலகம் பதினேழு காலடி தூரம். நான் பிறகு பலமுறை நடந்து எண்ணியிருக்கிறேன். அவரைப் பத்தாவது அடியில், கையில் காகிதத்தோடு, நிறுத்தி வைத்திருக்கிறேன். இன்னும் ஏழு அடி இருக்கிறது. கூப்பிடுவதானால் நீங்கள் கூப்பிடுங்கள். எனக்கு அன்றும் குரல் வரவில்லை.