சங்கிலிப் பாறைக்கு இந்தப் பக்கம்

1

வாரப் பத்திரிகைக்காரர் ஒருவர் 'பத்திரமாக மலையேறப் பத்து யோசனைகள்' கேட்டார். அதற்கென்ன, ஒரே மூச்சில் எழுதிவிடலாம் என்று பேனாவைத் திறந்தேன். 'முதலாவது: தண்ணீரை மடக்கு மடக்கென்று...' அந்த இடத்தில் குணசுந்தரி உள்ளே வந்துவிட்டாள். கட்டுரை படுத்துவிட்டது. ஆரணிக்குப் பக்கத்தில் முள்ளிப்பட்டில் பட்டு நெய்கிறவள். நானே கற்பனை செய்த பெண்தான். ஆனாலும் என் பேச்சைக் கேட்கமாட்டேன் என்கிறாள்.

2

தொடக்கம், முதல் வரைவு: 'நீல முகடு வானத்தை முத்தமிட...' சீ, வேண்டாம்.

மறுபடி. எண்பத்து மூன்றாம் வருஷம், பங்குனி அமாவாசை. ஊர் உலகமெல்லாம் பர்வதமலைக்குப் பௌர்ணமியில் போகும். நிலவும் இருக்கும், கூட்டமும் இருக்கும். தறிக்காரர்களுக்கோ அமாவாசைதான் லீவு. ஆகவே நிலவில்லாத நாளில், ஆளில்லாத மலையில் ஏறுவார்கள். இருட்டுவதற்குள் இறங்காவிட்டால் அதோகதிதான்.

பக்கத்து வீட்டில் தறி நெய்கிற தனக்கோடிக்கு அன்று ஏறியே ஆகவேண்டும். புருஷன் ஜெயவேல் வேலூர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், மறுநாள் ஆபரேஷன். உச்சிக் கோயிலில் விளக்கேற்றுவதாக வேண்டிக்கொண்டிருக்கிறாள். துணைக்குக் குணசுந்தரி.

3

அடிவாரத்து டீக்கடை பொன்னுசாமியிடம் குணசுந்தரி சொல்லிவைத்தாள்: "பொழுது சாயறதுக்குள்ள நாங்க வரலன்னா, ஆளக் கூட்டிகினு மேல வாங்கண்ணா." தனக்கோடியிடமும் வாக்கு வாங்கினாள். உச்சிவெயில் சாய்ந்தால், எங்கே நிற்கிறார்களோ அங்கிருந்தே திரும்பவேண்டும்.

"சரிதான் போடி. நாளெல்லாம் தறி மிதிக்கிற காலு இது. மலை இன்னா பெரிய மலை?" என்றாள் தனக்கோடி.

(இந்தத் தப்பைத் தறிக்காரர்கள்தான் செய்வார்கள். குழியில் காலை விட்டு உட்கார்ந்தபடி மிதிப்பது வேறு, உடம்பைச் சுமந்துகொண்டு ஏறுவது வேறு.)

குணசுந்தரி அவளை முன்னால் நடக்கவிட்டாள். மெதுவாக நடப்பவரைப் பின்னால் விட்டால் அவர் மூச்சுத் திணறுவது யாருக்கும் தெரியாது. தாகம் எடுப்பதற்கு முன்பே வாய் வாயாகத் தண்ணீர் கொடுத்தாள். தின்ற வாழைப்பழத்தின் தோலைக்கூட மலையில் போடாமல் பையில் போட்டுக்கொண்டாள். அடேயப்பா, என்ன பொம்பளை! எனக்கு இவளை அவ்வளவு பிடிக்கிறது.

4

சங்கிலியைப் பிடித்து ஏறவேண்டிய செங்குத்துப் பாறைக்குக் கீழே வந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. தனக்கோடியின் தொடை வெடவெடவென்று நடுங்கியது.

"திரும்பலாம்க்கா."

"தோ, கோயில் தெரியுதுடி! ஜல்தியா ஏறிட்டு வந்துடறேன்."

"உன் காலப் பாரு. சங்கிலில இது நிக்குமா?"

"அப்ப இங்கயே ஏத்தறேன், விடு."

"காஞ்ச புல்லுக்கா. மலையே பத்திகினு எரியும்."

தனக்கோடி விளக்கை மடியில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அப்போது குணசுந்தரியின் மனசு... (இந்த வரியை முடிக்க முடியவில்லை. அவளுக்கும் அழுகை வந்தது. அவ்வளவுதான்.) அவள் தனக்கோடியின் கையைப் பிடித்துத் தூக்கி இறங்கவைத்தாள்.

5

முடிவு, முதல் வரைவு: இறங்கத் தொடங்கியதும் இடி, கோடைமழை. பாறையெல்லாம் வழுக்கல். நல்லவேளை திரும்பினோம் என்று தனக்கோடி கும்பிடுகிறாள். நண்பர் ஒருவர் படித்துவிட்டு "பிரமாதம்" என்றார். கிழித்துப் போட்டேன். குணசுந்தரி செய்தது சரி என்று சொல்ல மழை எதற்கு?

மழை வரவில்லை. வானம் பளிச்சென்றே இருந்தது. அடிவாரத்தில் பொன்னுசாமியிடம் வந்துவிட்டோம் என்று சொன்னபோதும் நல்ல வெளிச்சம்.

"இம்மாம் வெளிச்சம் இருக்குது. ஏறியிருக்கலாம்" என்றாள் தனக்கோடி. "அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா, ஜென்மத்துக்கும் உன் மூஞ்சில முழிக்கமாட்டேன்."

"முழிக்காத. அதுக்கும் நீ உசுரோட இருக்கணும் இல்ல?"

6

ஜெயவேல் பிழைத்தாரா? நான் சொல்லப்போவதில்லை. பிழைத்தார் என்றால் குணசுந்தரியைக் கொண்டாடுவீர்கள், போய்விட்டார் என்றால் கரித்துக்கொட்டுவீர்கள். இரண்டுமே அவளுக்குச் செய்கிற அநியாயம். ஆகவே மீதியை நீங்களே எழுதுங்கள். மறுநாள் காலை, ஆபரேஷனுக்கு முன்னால், வேலூர் ஆஸ்பத்திரி. ஜெயவேல் கண்விழித்துத் தேடுகிறார். கட்டிலருகே தனக்கோடி நிற்கிறாள். அங்கிருந்து தொடங்குங்கள்.