அசையாத கோடு

பாலிகஞ்ச் கணித நிலையத்திலிருந்து நான் ஓய்வு பெற்ற மறுவருஷம், 1985இல், சக பேராசிரியன் ஜம்புநாதனுக்குப் புகழ் முளைத்தது. என் வயிற்றெரிச்சலைக் கம்பியில் இழுத்துவிட்டிருந்தால் நாங்கள் குடியிருந்த பெஹாலா முழுவதும் லோட்ஷெட்டிங் என்கிற மின்வெட்டே இருந்திருக்காது.

விஷயம் இதுதான். சிக்கலான வடிவம் ஒன்றின் கோஹோமாலஜிக் கணக்கு, அதாவது அதன் உள்ளமைப்பைச் சொல்லும் ஓர் எண், பன்னிரண்டு என்று நான் நிறுவியிருந்தேன். துண்டு துண்டாக வெட்டிச் சரிபார்த்து முடிப்பதற்குள் தலையில் இருந்த முடியெல்லாம் ஹூக்ளி ஆற்றோடு போய்விட்டது. ஜம்புவோ ஈக்விவேரியன்ட் முறையைப் பிடித்துக்கொண்டான். வடிவத்தைச் சுழற்று; அசையாததை மட்டும் எண்ணு; முடிந்தது! பந்தைச் சுழற்றினால் இரண்டு துருவங்கள்தான் அசையாமல் நிற்கும். பந்தின் கணக்கு இரண்டு.

"ஆயுசு பூரா நீங்க பண்ணினதை அவர் அரை போர்டுல முடிச்சுடறாராமே?" என்றாள் என் மனைவி பட்டு.

"யார் சொன்னா?"

"அவர் ஆத்துக்காரிதான். கரியாஹாட்ல புடவை பார்க்கறச்சே."

புடவைக்கடை வரைக்கும் போய்விட்டதா! அவன் கருத்தரங்குக்கு முதல் ஆளாகப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன்.

பாவி, என் வடிவத்தையே எடுத்துச் சுழற்றினான். அசையாமல் நின்றவை பத்துப் புள்ளிகள், ஒரு கோடு. "மொத்தம் பதினொன்று" என்று ஆங்கிலத்தில் சபைக்கு அறிவித்துவிட்டு, என் பக்கம் குனிந்தான்.

"ஓய் சௌந்தரராஜன், உம்ம பன்னிரண்டுல ஒண்ணு ஜாஸ்தியா இருக்கே!"

என் பன்னிரண்டை அறிந்த சபை என்னைப் பரிதாபமாகப் பார்த்தது. நான் பலகையைப் பார்த்தேன். அட மடையா! அவசரத்தில் இரண்டு திசைகளுக்கு ஒரே வேகம் கொடுத்திருக்கிறான்; அதனால்தான் ஒரு கோடு முழுதாக அசையாமல் நின்றுவிட்டது. எங்கள் தொழிலில் அந்தக் கோடு பந்தின் மேல்தோலுக்குச் சமானம். அதன் கணக்கு ஒன்றல்ல, இரண்டு. பத்தும் இரண்டும் பன்னிரண்டு!

எழுந்திருக்கப் போனவன் பாதியிலேயே தயங்கினேன். வாயைத் திறந்தால் என் எண் உயிர் பிழைக்கும். அவன் முறையும் கூடவே பிழைத்துவிடும். மூடிக்கொண்டால் அவன் முறை ஜெயிக்கும். என் எண் சாகும். எப்படிப் பார்த்தாலும் ஜம்புவுக்கே மாலை!

"அந்தக் கோட்டுக்கு ரெண்டுய்யா!" என்று கத்தினேன்.

அவன் அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தான். பிறகு பதினொன்றை அழித்துப் பன்னிரண்டு என்று எழுதினான்.

"தாருண்! தாருண்!" என்று தங்கள் பாஷையில் 'பிரமாதம்' சொல்லி வங்காளிகள் எழுந்து கைதட்டினார்கள். எனக்கா? அவனுக்கு! இத்தனை சிக்கலான வடிவத்துக்கு எவ்வளவு சுருக்கமான வழி என்று ஆளுக்கொரு பக்கம் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். என் பன்னிரண்டு, அவன் முறை சரிதான் என்பதற்குச் சாட்சியாகிவிட்டது.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து அவன் என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"நல்லவேளை, நீர் சொன்னீர். சந்தோஷம்தானே ஓய்?"

"பரம சந்தோஷம்" என்றேன். நான் பல்லைக் கடித்த சத்தத்தில் ஹௌரா பாலத்தில் டிராம்கள் நின்றிருக்கும்.