இருதயராஜுக்குப் பொருத்தப்பட்ட ஏழு வினாடி

திருச்சி புத்தூரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த இருதயராஜுக்கு, ஆகஸ்ட் இருபத்தொன்றாம் தேதி வியாழக்கிழமை காலையில் ஏழு வினாடித் தாமதம் பொருத்தப்பட்டது. பொருத்த வந்தவர் அரை மணி நேரத்தில் வேலையை முடித்து, ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுப் போனார்.

காரணம் நியாயமானதுதான். மாவட்டங்களுக்கு இடையிலான இணையச் சதுரங்கப் போட்டியின் அரையிறுதியில் இருதயராஜ் வால்பாறைக்காரர் ஒருவரோடு ஆடியிருந்தார். பெயர் பேச்சியம்மாள். ஒரு தேயிலை எஸ்டேட்டில், கொழுந்து பறிக்கப் போகிற பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா. ஆளுக்குப் பத்து நிமிடம். திருச்சியில் இருதயராஜ் ஒரு காயை நகர்த்தினால் அது அப்போதே நகர்ந்துவிடும். வால்பாறையில் பேச்சியம்மாள் நகர்த்தியது பனிமூட்டத்துக்குள் புகுந்து, கொண்டை ஊசி வளைவுகள் அத்தனையும் இறங்கி வந்து சேர ஏழு வினாடி ஆனது. அதுவரைக்கும் அவருடைய கடிகாரம்தான் ஓடும். நாற்பது நகர்த்தலில் நாலு நிமிடம் நாற்பது வினாடி வழியிலேயே போய்விட்டது. இன்னும் இரண்டு நகர்த்தலில் இருதயராஜின் ராஜா மாட்டியிருக்கும். அந்த இடத்தில் பேச்சியம்மாளின் கடிகாரம் முடிந்தது. இருதயராஜ் வென்றார் என்று திரையில் எழுத்து வந்தது.

அவர் அந்த எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து இலையில் கை வைத்துச் சாப்பிட்டது போலிருந்தது.

போட்டிக் குழுவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது. மூன்று வாரம் கழித்து மறு ஆட்டம் என்று முடிவு செய்தார்கள். வால்பாறையின் இணைப்பை வேகமாக்க வழியில்லை. ஆகவே வேகமாக இருப்பவரை மெதுவாக்குவது என்று தீர்மானமாயிற்று. இருதயராஜ் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

பொருத்துகிறவர் முதலில் மோடத்தில் வைத்துப் பார்த்தார். நிற்கவில்லை. செல்போனில் வைத்தார். அங்கேயும் நழுவியது.

"கம்பியில நிக்காது சார். ஆள் மேலதான் நிக்கும்" என்றார்.

இருதயராஜின் இடது காதுக்குப் பின்னால், கண்ணாடியின் காம்பு உட்காரும் இடத்தில் வைத்து அழுத்தினார். வலிக்கவில்லை. சமையலறை நிலையில் சாய்ந்தபடி பிலோமினா பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்களுக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம்.

"எதுக்கெல்லாம் தாமதம் ஆகும்?" என்று கேட்டாள்.

"அவர் சொல்றது, சிரிக்கிறது, முகத்துல காட்டுறது எல்லாத்துக்கும்மா. நீங்க சொல்றது அவருக்கு உடனே கேட்டுரும். அவர்கிட்டேருந்து வர்றதுக்குத்தான் ஏழு செகண்டு."

"ஆட்டத்துக்கு மட்டும் வைக்க முடியாதா?"

"ஆடுறவர் அவர்தானேம்மா" என்றார் பொருத்துகிறவர்.

முதல் வாரம் கடையில் சில தவறுகள் நடந்தன. கண் பரிசோதனையில் ஒரு வில்லையைப் போட்டு, "இது தெளிவா, முந்தினது தெளிவா?" என்று இருதயராஜ் கேட்பார். கேள்வி போய்ச் சேரும்போது அடுத்த வில்லை கண்ணில் இருக்கும். கருமண்டபத்திலிருந்து வந்த ஒரு பெரியவருக்குக் கிட்டத்தில் இருப்பதெல்லாம் தூரத்தில் தெரியும்படியான கண்ணாடி அமைந்துவிட்டது. திரும்பி வந்தபோது அவர் அதைக் குறை சொல்லவில்லை. வீட்டு ஆட்கள் தூரத்தில் தெரிவது பழகிவிட்டது, ஃபிரேம் மட்டும் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது என்றார்.

கோவிலில், எல்லோரும் "ஆமென்" சொல்லி முடித்து அமைதியான பிறகு இருதயராஜின் "ஆமென்" தனியாக வந்தது. பங்குத்தந்தை இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒவ்வொரு செபத்துக்குப் பிறகும் அதற்காக நின்றார். பூசை பன்னிரண்டு நிமிடம் நீண்டது. வெளியே வரும்போது இருதயராஜோடு யாரும் சேர்ந்து நடக்கவில்லை.

வீட்டில்தான் கஷ்டமாக இருந்தது. அவர்களுக்குள் எப்போதுமே பேச்சு குறைவு. அவர் மாலையில் கடையைச் சாத்திவிட்டு வந்து சதுரங்கப் பலகை முன்னால் உட்காருவார், அவள் மிளகாய் கிள்ளிக்கொண்டோ பேப்பர் படித்துக்கொண்டோ இருப்பாள். நாளுக்கு இருபது வார்த்தை தேறினால் அதிகம். அந்த இருபதும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்ததால் குடும்பம் நடந்தது. இப்போது அவள் "ரசம் போதுமா?" என்று கேட்டுக் கரண்டியைத் தூக்கியபடி நின்றாள். அவர் "போதும்" என்றார். அவள் நின்றுகொண்டே இருந்தாள். ரசம் கரண்டி நுனியிலிருந்து சொட்டியது. பிறகு "போதும்" வந்தது.

செப்டம்பர் இரண்டாம் தேதி மாலை பிலோமினா அவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் அப்படி உட்காருவது வழக்கமில்லை.

"ஒண்ணு கேக்கணும். நான் இந்த வீட்ல இருக்கறது உங்களுக்கு வேணுமா?"

"வேணும்" என்றார் இருதயராஜ். அவர் யோசிக்கவில்லை. அவள் கேட்டு முடித்த இடத்திலேயே அவர் சொல்லிவிட்டார்.

அவள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் இன்னும் எதுவும் வந்து சேர்ந்திருக்கவில்லை. தெருவில் ஒரு ஆட்டோ நின்று, யாரோ இறங்கி, ஆட்டோ கிளம்பிப் போயிற்று. அவள் கண்ணைத் தாழ்த்திச் சேலை மடிப்பைச் சரிசெய்தாள். பிறகு "வேணும்" வந்தது.

"சரி" என்றாள்.

"நான் உடனே சொல்லிட்டேன், பிலோ. ஏழு செகண்டு இருக்குன்னு உனக்குத் தெரியும்ல" என்றார். அதுவும் ஏழு வினாடி எடுத்தது.

"தெரியும். தெரிஞ்சாலும் அந்த ஏழு செகண்டுல இருக்கறது நான்தானே" என்றாள். நாற்காலியை எடுத்த இடத்திலேயே திரும்பக் கொண்டுபோய் வைத்தாள்.

மறுநாள் மதியம் கடைக்கு ஒரு போன் வந்தது. இருதயராஜ் எடுத்துக் காதில் வைத்தார்.

"நல்லா இருக்கேன் சார், பேச்சியம்மாதான் பேசறேன்" என்றது குரல். நலமா என்று அவர் அதன் பிறகுதான் கேட்டார்.

"உங்களுக்கும் ஏழு செகண்டு வச்சிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். என்னால வந்தது. மனசுக்குச் சங்கடமா இருந்துச்சு" என்றார் பேச்சியம்மாள். பின்னால் குழந்தைகளின் சத்தம் கேட்டது. "எங்க மலையில எல்லாருக்கும் பொறந்ததுலருந்தே அதுதான் சார். பிள்ளை அழுறதுக்கு முன்னாடியே பால் கலக்கிருவோம். பஸ்ஸு கண்ணுல படுறதுக்கு முன்னாடியே கையைக் காட்டிருவோம். நீங்களும் பதிலை முதல்ல சொல்லிப் பழகுங்க. கேள்வி பின்னாலயே வந்துரும்."

தப்பாகப் போனால் என்ன செய்வது என்று கேட்க இருதயராஜ் வாயைத் திறந்தார்.

"தப்பாத்தான் போகும்" என்றார் பேச்சியம்மாள். "பழகுற வரைக்கும் தப்பாத்தான் போகும். என்னை விட்டே ரெண்டு பேர் அப்படிப் பிரிஞ்சு போயிருக்காங்க. சரி சார், அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை ஆட்டத்துல பார்ப்போம்."

அன்று மாலை முதல் இருதயராஜ் பழக ஆரம்பித்தார். பிலோமினா அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டதும் "ரெண்டு தோசை போதும்" என்று சொல்லி வைத்தார். அவள் வந்து கேட்டபோது பதில் சரியாகப் போய்ச் சேர்ந்தது. குளிக்கப் போகும் முன்பே "வெந்நீர் வேண்டாம்" என்றார். அதுவும் சரியாக விழுந்தது. வியாழக்கிழமை முழுவதும் ஒன்றுகூடத் தப்பவில்லை. பிலோமினா ஒருமுறை சிரித்தாள். இவரும் சிரித்தார். இவருடைய சிரிப்பு போய்ச் சேர்ந்தபோது அவள் கொல்லைப்பக்கம் போயிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வருவதை இருதயராஜ் பார்த்தார். செவ்வாய்க்கிழமை கேட்டதை அவள் மறுபடி கேட்கப்போகிறாள் என்று அந்த நடையிலேயே அவருக்குத் தெரிந்தது. இந்தத் தடவை ஒரு வினாடிகூட அவளை நிற்க வைக்கக்கூடாது. அவள் வாசற்படியைத் தாண்டும் முன்பே, "வேணும், கண்டிப்பா வேணும். அதுல என்ன சந்தேகம்" என்று சொல்லிவிட்டார்.

பிலோமினா வந்து எதிரில் நின்றாள்.

"திண்டுக்கல்லுக்கு, அக்கா வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நாள் இருக்கலாம்னு பாக்கறேன். போகணுமா, வேணாமா?" என்று கேட்டாள்.

பதில் அந்தக் கணமே அவளிடம் போய்ச் சேர்ந்தது.

அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். இருதயராஜ் எழுந்து பின்னாலேயே போய், அது வேறு கேள்விக்கான பதில் என்று சொன்னார். அது போய்ச் சேரும்போது அவள் பீரோக் கதவைத் திறந்து, மூன்று சேலையை எடுத்துப் பையில் வைத்துவிட்டிருந்தாள். "பரவாயில்லை, சொன்னது சொன்னதுதான்" என்றாள். செல்போனைச் சாப்பாட்டு மேசையிலேயே வைத்துவிட்டுப் போனாள். பேருந்து நிலையம் வரைக்கும் அவர் கூடப் போனார். வண்டி கிளம்பியபோது அவர் ஜன்னலைப் பார்த்து ஏதோ சொன்னார். அது அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே துறையூர் வண்டி வந்து நின்றிருந்தது. ஜன்னலோரம் இருந்த ஒரு அம்மா அதைக் கேட்டுக்கொண்டு, "சரிங்க" என்றார்.

அதன் பிறகு அவர் திண்டுக்கல்லுக்குத் தினமும் போன் செய்தார். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

பதினான்காம் தேதி ஞாயிற்றுக்கிழமை மறு ஆட்டம் நடந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லாததால் இருதயராஜ் கதவைச் சாத்தாமலே ஆடினார். இரண்டு கடிகாரங்களும் ஒரே அளவில் வீணாயின. யாருக்கும் யாரைவிடவும் சலுகை இல்லை. இருபது நகர்த்தல் வரைக்கும் இருவரும் சமமாகவே இருந்தார்கள். அதன் பிறகு பேச்சியம்மாள் முன்னால் போக ஆரம்பித்தார். இருதயராஜ் குதிரையை எந்தக் கட்டத்துக்குக் கொண்டுபோக நினைத்தாரோ, அந்தக் கட்டத்தைப் பார்த்தபடி பேச்சியம்மாளின் ராணி முன்கூட்டியே வந்து நின்றது. சிப்பாயைத் தள்ளப் போனார். அதற்கான பதில் ஏற்கெனவே பலகையில் இருந்தது. முப்பத்தாறாவது நகர்த்தலில் இருதயராஜின் ராஜாவுக்குப் போக இடமில்லை. தோற்றுவிட்டோம் என்பது அவருக்கு நாலு நகர்த்தலுக்கு முன்பே தெரிந்திருந்தது. பேச்சியம்மாளுக்கு அதற்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

போட்டிக் குழுவிலிருந்து அன்று மாலையே செய்தி வந்தது. ஆட்டம் எல்லா வகையிலும் நியாயமாக நடந்தது என்றும், இருவருக்கும் ஏழு வினாடி என்பது உறுதி செய்யப்பட்டது என்றும், ஒருவருக்கு அதில் நாற்பத்து நாலு வருடப் பழக்கமும் மற்றவருக்கு மூன்று வாரப் பழக்கமும் இருப்பது விதிகளுக்கு வெளியே உள்ள விஷயம் என்றும் எழுதியிருந்தார்கள். இருதயராஜ் அதை ஏற்றுக்கொண்டார். பொருத்தியவரைக் கூப்பிட்டு, எடுத்துவிட எப்போது வருவீர்கள் என்று கேட்டார்.

"நான் பொருத்தறவன் சார். எடுக்கறதுக்கு வேற ஆள்" என்றார் அவர்.

"அவர் நம்பர் குடுங்க."

"அந்த வேலைக்கு இன்னும் யாரையும் போடலை சார்."

திங்கட்கிழமை கடையைத் திறக்காமல் இருதயராஜ் திண்டுக்கல் பேருந்தில் ஏறினார். பிலோமினாவின் அக்கா ரெஜினாவும் அவள் கணவர் சவரிமுத்துவும் நாகல் நகரில், ஒரு சந்தின் கடைசியில் குடியிருந்தார்கள். சந்து முனையில் இறங்கி நடக்கும்போது சொல்ல வேண்டியதை இருதயராஜ் மனதுக்குள் பலமுறை ஒத்திகை பார்த்தார். அதைச் சொல்லிவிட்டு நடப்பதா, நின்று சொல்வதா என்று முடிவு செய்ய முடியவில்லை.

வீட்டு வாசலில், தகரக் கொட்டகையின் கீழே நாலு பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகப் போடப்பட்டிருந்தன. முதல் நாற்காலியில் கேஸ் சிலிண்டர் கொண்டுவரும் ஆள், சிலிண்டரை முட்டியோடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். இரண்டாவதில் நீலக் கவரைக் கையில் பிடித்தபடி ஒரு கூரியர்க்காரர். மூன்றாவதில் பிலோமினா இருந்தாள். நாலாவதில் அவளுடைய பை.

அவள் இவரைப் பார்த்ததும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கறுத்து, கொஞ்சம் இளைத்திருந்தாள்.

"ஏன் வெளியில உக்காந்திருக்க?" என்றார். ஏழு வினாடி கழித்து அவள் பதில் சொன்னாள்.

"இன்னும் போய்ச் சேரலை. அத்தான் ஏதோ பனிக்கண்டத்துல இருக்கற ஒருத்தரோட ஆடுறாராம். அங்க பதினஞ்சு நாள் தாமதம். அத்தனையும் ஒரு ஆள் மேல நிக்காதுன்னு வீட்டு மேல பொருத்திட்டாங்க. வந்தவங்க பதினஞ்சு நாள் இங்க இருந்துதான் உள்ள போகணும்."

"சாப்பாடு?"

"எதிர்த்த கடையிலருந்து குடுப்பாங்க." அவள் சிலிண்டர்க்காரரைக் காட்டினாள். "அண்ணனுக்கு நாளைக்கு முடியுது. எனக்குச் சனிக்கிழமை."

இருதயராஜ் திரும்பிப் போய்விடலாம் என்றார். வீட்டுக்கு வா என்றார்.

"பாதியில எந்திரிச்சா இருந்த நாள் கணக்குல வராது" என்றாள். "நீங்க உக்கார வேணாம். கடை இருக்கு. நான் சனிக்கிழமை உள்ள போயிட்டா, அதுக்கப்புறம் பத்து நாள் நீங்க தனியாத்தான் இருக்கணும்."

அவர் நாலாவது நாற்காலியில் உட்கார்ந்தார். அது வெயிலில் சூடாகியிருந்தது. கூரியர்க்காரர் அவருக்காகக் காலை மடக்கிக்கொண்டார். பிலோமினா அவரைப் பார்த்தாள். பிறகு சந்தைப் பார்த்தாள். பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து இரண்டு நாற்காலிகளுக்கும் நடுவில் வைத்தாள்.

மூன்று மணி வாக்கில் உள்ளே தாழ்ப்பாள் நீங்கியது. ரெஜினா கதவைத் திறந்து வெளியே எட்டிப் பார்த்தாள். சிலிண்டர்க்காரர் தலையைச் சற்றுக் குனித்து வழிவிட்டார். ரெஜினா நாலு நாற்காலிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "வாசல்ல யாரும் இல்லைங்க" என்று உள்ளே பார்த்துச் சொன்னாள். கதவைச் சாத்தினாள்.