வியாழன் மூன்று மணி

ஷட்டரைப் பாதிக்கு மேல் தூக்கவில்லை அவள். முழுக்கத் தூக்கினால் கடை திறந்தாயிற்று என்று எவராவது ஜன்னல் அளவோடு உள்ளே வந்து நிற்பார்கள். குனிந்து நுழைந்து, விளக்கைக்கூடப் போடாமல், கர்ட்டன் துணிச் சுருள்களுக்கு நடுவே தடவிக்கொண்டு போய்ப் பின்பக்க அலமாரியைத் திறந்தாள். தம்பியின் நீலச் சட்டை ஹேங்கரில் தொங்கியது. பெரிய வீடுகளுக்கு அளவெடுக்கப் போகிற நாளில் மட்டும்தான் அதை மாட்டுவான். மற்ற நாளெல்லாம் பழுப்பேறிய ஒரு பனியன், அவ்வளவுதான் அவன் அலங்காரம்.

"அந்தச் சட்டையைத்தான் போடணும் அண்ணி, வேற எதையும் போட விடமாட்டேன்" என்று தம்பி மனைவி காலையிலிருந்து ஒரே பிடியாக நின்றாள். ஆஸ்பத்திரி வண்டி அவன் உடலோடு பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடும். ஆறு மணிக்குப் பல் துலக்கப் போனவன் வாஷ்பேசினைப் பிடித்தபடி அப்படியே சரிந்துவிட்டான். நாற்பத்தொரு வயது. ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தபோது அதற்குச் செய்ய ஒன்றும் மிச்சமில்லை.

சட்டையை எடுத்துக்கொண்டு நேரே போயிருக்க வேண்டியதுதான். ஆனால் எதிர்ச்சுவரில் போர்டு இருந்தது.

அந்த போர்டைச் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொல்ல முடியாது. கடைத்தெருவில் அவளுக்குப் பெயரே 'டைம்டேபிள்'தான். நாலு வருஷத்துக்கு முன்னால் கடை தலைகீழாகக் கிடந்தது. திங்கட்கிழமை தருகிறேன் என்ற கர்ட்டன் அதற்கடுத்த திங்கட்கிழமைதான் போகும், ஃபோனை எடுத்தாலே திட்டுதான். அப்போது சின்னத் தொழில் செய்கிறவர்களுக்கான இரண்டு நாள் வகுப்பு ஒன்றுக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே அடுத்த வாரத்தை எழுதி முடித்துவிடுங்கள் என்றார் வகுப்பெடுத்தவர். எதற்கு எத்தனை மணி நேரம் என்று போடுங்கள், போட்டதைச் செய்யுங்கள். கடைசியாக இன்னொன்றும் சொன்னார். வாரத்தில் இரண்டு மணி நேரத்தை எவருக்கும் கொடுக்காமல் உங்களுக்கென்று வையுங்கள், அதில் மட்டும் கைவைக்காதீர்கள்.

பிடித்தால் உடும்புப்பிடி அவளுக்கு. மறுநாளே ஆளுயர வெள்ளை போர்டு வந்தது. நாளுக்கொரு கட்டம். வாடிக்கையாளர் வேலைக்கு வெள்ளைச் சீட்டு, சொந்த வேலைக்கு மஞ்சள் சீட்டு. தையல் மெஷினுக்கு எண்ணெய் போடுவது, பல் டாக்டர், அவள் மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போய் வாத்தியாரைப் பார்ப்பது எல்லாம் மஞ்சள். மஞ்சளுக்கு உரிய நேரம் வியாழன் மூன்று மணியிலிருந்து ஐந்து மணி. கடை நிமிர்ந்துவிட்டது. மூன்று வருஷமாக ஒரு ஆர்டர்கூடப் பிந்தவில்லை. அந்தப் பெருமையில் அவளுக்குக் கால் தரையில் படவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த ஏற்பாட்டில் ஒரு ஓட்டை இருந்தது. அவசரம் என்று யாராவது வந்து நின்றால் வாரம் பூராவும் நிறைந்து கிடக்கும். காலியாக இருப்பது வியாழன் மூன்று மணி மட்டும்தான். வெள்ளைச் சீட்டு அங்கே போய் உட்காரும், மஞ்சள் சீட்டு அடுத்த வியாழனுக்கு நகரும். மெஷினும் பல்லும் பொறுத்துக்கொண்டன.

இப்போது போர்டின் வலது ஓரத்தில், 'அடுத்த வாரம்' என்று எழுதிய பட்டையில், ஒரே ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. தம்பியின் கோணல் எழுத்து. 'ஏணி சர்வீஸ் – டாக்டர்.'

ஏணி என்பது அவன்தான். ஆள் உயரம், எந்நேரமும் ஏணிமேல், அதனால் ஊரே அவனை அப்படிக் கூப்பிட்டது. அவனும் தன்னை அப்படித்தான் சொல்லிக்கொண்டான். மூன்றாம் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சில் யாரோ கைவைத்து அழுத்துகிற மாதிரி இருக்கிறது என்று அவன் சொன்னது ஐந்து வாரத்துக்கு முன்னால். "எழுதி ஒட்டுடா, இந்த வியாழன் போய்ட்டு வந்துடு" என்று சீட்டைக் கிழித்துக் கொடுத்தவளே அவள்தான். அந்த வியாழன் ஒரு கல்யாண வீட்டுக்காரர் வந்து நின்றார். அடுத்த வியாழன் வேறொருவர். அதற்கடுத்து பள்ளிக்கூட மேடைக்குத் திரை. பிறகு ஹோட்டல். போன ஞாயிற்றுக்கிழமை அதே ஹோட்டல்காரர் ஃபோன் செய்து இன்னும் பதினெட்டு ஜன்னல் பாக்கி இருக்கிறது என்றார்.

"என்னடா செய்யட்டும்?" என்று சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"தள்ளிப் போடுக்கா. என் நெஞ்சு நல்ல பொறுமைசாலி, க்யூவுல நிக்கும்."

"விளையாடாதேடா. போய்ட்டு வந்துடறியா? ஹோட்டலை நான் சமாளிக்கிறேன்."

"நீயா? நீ ஏணியில ஏறினா நான் நிஜமாவே நெஞ்சு வலி வந்து விழுந்துடுவேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டேதான் சீட்டை நகர்த்தினாள். அது மூன்று நாளைக்கு முன்னால்.

இப்போது அந்தச் சீட்டைப் பிய்த்தாள். இரண்டாக, நாலாக, எட்டாகக் கிழித்து, வெட்டுத்துணி போடும் கூடைக்குள் கையை முழங்கைவரை விட்டு அடியில் போட்டாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது. தெரிந்தவள் அவள் ஒருத்தி, அவனும் போய்விட்டான். இனி ஒருவருக்கும் தெரியாது என்று தோன்றியது. தோன்றிய உடனே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

ஃபோன் அடித்தது. ஹோட்டல் மேனேஜர்.

"என் தம்பி தவறிட்டான் சார். இன்னிக்குக் காலையில."

"ஐயையோ! யாரு, அந்த உயரமா இருப்பாரே, அவரா? நல்ல மனுஷனாச்சே." பிறகு தயங்கித் தயங்கி, "அப்போ... நாளைக்கு வர முடியாதுல்ல?"

"திங்கட்கிழமை காலையில முடிச்சுக் கொடுத்துடறேன் சார்" என்றாள்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஃபோனை வைத்த பிறகுதான் யார் ஏறப்போவது என்று நினைத்துப் பார்த்தாள். சட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு துணிச் சுருள்கள்மேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

தம்பி வீடு இரண்டு தெரு தள்ளி, மாடியில். அவனைக் கூடத்தில் கிடத்தி நீலச் சட்டையைப் போட்டுவிட்டார்கள். ஐந்து மணிக்கு எடுப்பதென்று பேச்சு. வருகிறவர்கள் வந்தார்கள், நின்றார்கள், நாற்காலிகளிலும் தரையிலும் உட்கார்ந்தார்கள். தம்பி மனைவி அவள் தோளில் சாய்ந்து, அவள் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் பிடித்துக்கொண்டாள். யார் வந்தாலும் அதையேதான் சொன்னாள்.

"நான் தினமும் நச்சரிச்சேங்க. டாக்டரைப் பாருங்க, பாருங்கன்னு. போர்டுல ஏத்தியாச்சு, அக்கா போர்டுல ஏறினது எதுவும் நடக்காம இருக்காது, நீ கவலைப்படாதேன்னார். அண்ணியோட பொறுப்புல வந்துடுச்சே, இனிமே எனக்கென்ன பயம்னு நானும் விட்டுட்டேன். ரெண்டு வாரம் முன்னால போய்ட்டும் வந்துட்டார். வெறும் வாயுத் தொல்லைன்னு டாக்டர் சொன்னாராம். மாத்திரையைக்கூடக் காட்டினாரே."

இவள் மனதுக்குள் வியாழக்கிழமைகளைப் பின்னோக்கி எண்ணிப் பார்த்தாள்.

இரண்டு வாரத்துக்கு முந்தைய வியாழக்கிழமை இரவு எட்டு மணிவரைக்கும் அவன் பள்ளிக்கூட மேடையில் ஏணிமேல் இருந்தான். திரும்பும் வழியில் மருந்துக்கடையைப் பார்த்து, "ரெண்டே நிமிஷம்க்கா" என்று இறங்கினான். வேனுக்குள் உட்கார்ந்தபடி, "சீக்கிரம் வாடா, காலையில ஆறு மணிக்கு வேலை இருக்கு" என்று இவள் ஹாரன் அடித்தாள். அவன் ஓடி வந்து ஏறினான். கையில் ஒரு சின்னக் காகிதப் பை. என்ன வாங்கினாய் என்று கேட்கக்கூட இல்லை. அக்காமேல் ஒரு சொல் விழுந்துவிடக் கூடாதென்று பெண்டாட்டியிடம் பொய் சொல்லியிருக்கிறான், பாவி.

"வாயுவாம் வாயு!" என்று வாசல் பக்கமிருந்து ஒரு குரல் எழும்பியது. தம்பி மனைவியின் அண்ணன், பஸ் டிரைவர். காலையில் பாதி வழியில் பஸ்ஸை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு யூனிஃபார்மோடு வந்தவர். "நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு வந்த மனுஷனை வாயுன்னு சொல்லி அனுப்பியிருக்கான். அந்த முனை கிளினிக்தானே? டேய், வாங்கடா ரெண்டு பேரு. மாப்பிள்ளையை எடுக்கறதுக்கு முன்னால அவன் என் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லட்டும்."

"அண்ணே, வேண்டாம்ணே" என்று தம்பி மனைவி ஈனக்குரலில் சொன்னாள்.

"நீ சும்மா இரும்மா. இன்னிக்கு அந்த கிளினிக்ல ஒரு நாற்காலி மிஞ்சாது."

இரண்டு மூன்று பேர் எழுந்துவிட்டார்கள். முனை கிளினிக் டாக்டரை அவளுக்குத் தெரியும். ஒல்லியான மனிதர், கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருப்பார். தம்பியை அவர் இந்த வருஷம் கண்ணால் பார்த்திருக்கவே மாட்டார்.

ஒரு நிமிஷம், போனால் போகட்டும் என்றுதான் நினைத்தாள். கத்துவார்கள், டாக்டர் இல்லை என்பார், யார் நம்பப்போகிறார்கள். தம்பி மனைவியின் கை தன் கையில் இப்படியே இருக்கும். டிரைவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"நில்லுங்க" என்றாள். அது யார் காதிலும் விழவில்லை. மறுபடி சொன்னாள். "நில்லுங்கன்னேன். அவன் டாக்டர்கிட்ட போகவே இல்ல."

டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"என்னக்கா சொல்றீங்க? தங்கச்சிகிட்ட அவரே சொல்லியிருக்காரே."

"பொய் சொல்லியிருக்கான்."

"அவரா?" தம்பி மனைவி தலையை நிமிர்த்திப் பார்த்தாள். "அண்ணி, எங்கிட்ட அவர் பொய் சொன்னதே இல்லையே."

அதோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். டாக்டர் தப்பித்தாயிற்று. பழி அவனோடு போய்விடும், அவன் எழுந்து வந்து மறுக்கப்போவதுமில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள். சட்டைக் காலரை யாரோ கழுத்துவரை பட்டன் போட்டு இறுக்கிவிட்டிருந்தார்கள்.

"எனக்காகச் சொன்னான்மா. அன்னிக்கு நான்தான் அவனைப் பள்ளிக்கூடத்து வேலைக்குக் கூட்டிட்டுப் போனேன். டாக்டர் சீட்டை நான்தான் தள்ளி வெச்சேன். மருந்துக்கடையில தானாவே மாத்திரை வாங்கிட்டு வந்து உங்கிட்ட காட்டியிருக்கான்."

டிரைவர் ஒரு காலில் செருப்போடு நின்றார். எழுந்தவர்கள் உட்காருவதா வேண்டாமா என்று தெரியாமல் சுவரில் சாய்ந்தார்கள்.

தம்பி மனைவி கேட்டாள். குரலில் கோபமே இல்லை, ஏதோ விலாசம் விசாரிக்கிற மாதிரி.

"எந்த நாள் போட்டிருந்தீங்க அண்ணி?"

"வியாழன். மூணு மணி."

"நாளைக்கா?"

"நாளைக்கு ஹோட்டல் வேலை. அதனால... அடுத்த வாரம்."

"போன வியாழன்?"

"போன வாரமும் அவனுக்குன்னுதான் இருந்துச்சு."

"அதுக்கு முன்னால?"

"எல்லா வியாழனும்மா" என்றாள். "அஞ்சு வியாழன்."

கையைப் பிடித்திருந்த இரண்டு கைகளும் அப்படியேதான் இருந்தன. கொஞ்ச நேரம் கழித்து ஒன்று விலகியது, பிறகு மற்றது. அடிப்பாள், கத்துவாள், என் புருஷனைக் கொன்றுவிட்டாயே என்று தலைமயிரைப் பிடித்து உலுக்குவாள் என்று காத்திருந்தாள். அப்படி ஒன்று நடந்தால் தேவலை என்று இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. டிரைவர் செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

மணி மூன்றரை இருக்கும். வெயில் மேற்கு ஜன்னல் வழியாக இறங்கி, தரையில் ஊர்ந்து, அவன் தோளைத் தாண்டி முகத்தில் ஏறியது. நேராகக் கண்களில் அடித்தது. எத்தனையோ நூறு வீடுகளின் ஜன்னலுக்குத் திரை மாட்டியவன் வீட்டு ஜன்னலில் திரை இல்லை, திரைக்கம்பி மாட்டும் கொக்கிகள் இரண்டு மட்டும் இருந்தன.

"கடையிலேர்ந்து ஒரு துணி எடுத்துட்டு வந்துடறேன்மா" என்று அவள் பதறி எழுந்தாள். "அஞ்சே நிமிஷம்."

"வேண்டாம் அண்ணி."

தம்பி மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கூட்டத்தில் வழி விட்டார்கள். போய் ஜன்னலுக்கு முன்னால், வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றாள். முதலில் அவள் நிழல் அவன் மார்பில் விழுந்தது. ஒரு அடி இடப்பக்கம் நகர்ந்து முகத்தில் விழும்படி நின்றுகொண்டாள். ஒருவர் நாற்காலியைத் தூக்கி வந்து பக்கத்தில் போட்டார். அவள் உட்காரவில்லை.

வெயில் நகர நகர அவளும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தாள். வண்டி ஐந்து மணிக்குத்தான் வந்தது.